கல்யாணக் கொயர் குழு 🎶

பெங்களூர் தம்பி: மியூஸ்ஸ்கோர் சாஃப்ட்வேர்ல நாலு குரலோட பார்ட்டும் நோட்டா அடிச்சு, ஆடியோவோட குரூப்ல போட்டாச்சு. சனிக்கிழமை பிராக்டிஸுக்கு பிரின்ட் எடுத்துட்டு வந்துருங்க

சின்ன அத்தை: சூப்பர்டா 👏

பாளை மாமா: ஏல, டெனர் (ஆம்பளைங்க மேல் குரல்) ஆடியோ கேட்டியா? ஒரு ஆக்டேவ் (ஸா-விலிருந்து மேல் ஸா வரை) மேல கத்துது

நாசரேத் சித்தி: போன கல்யாணத்துலயும் டெனர் அப்படித்தான 😂

நாசரேத் சித்தப்பா: அது ஆர்கன்காரன் சுருதி ஏத்துனதால

பெங்களூர் தம்பி: வரிசை ஆரம்பத்துல உள்ள கிளெஃப் குறிக்குக் கீழ, ஒரு ஆக்டேவ் இறக்கிப் பாடணும்னு 8 போட்டிருக்கேனே மாமா

பாளை மாமா: அது நீ டெக்ஸ்டா அடிச்ச 8. மியூஸ்ஸ்கோருக்கு அது வெறும் எழுத்து. கிளெஃப் இன்னும் சாதா ட்ரெபிள்தான், ஆக்டேவ் இறங்காது. பார்ட்டை டெனர்னு வெச்சிருந்தா ஸ்கிரீன்ல நோட்டு பாதி சிவப்பா இருக்குமே? டெனர் குரலுக்கு எட்டாதுன்னு அர்த்தம். பிரின்ட்ல அந்தக் கலர் வராது

சின்ன அத்தை: வேன் எத்தனை மணிக்கு?

பாளை மாமா: முதல்ல அந்த 8-ஐ அழி. டெனர் வரிசையோட முதல் கிளெஃப்பை கிளிக் பண்ணு. பேலட்ல (குறிகளோட பட்டியல்) கிளெஃப் பகுதியைத் திறந்து, கீழ 8 தொங்குற ட்ரெபிளைத் தொடு. அதோட விட்டுராத. கிளெஃப் மாறினாலும் சுருதி மாறாது, அதனால நோட்டெல்லாம் எழுத்துல ஒரு ஆக்டேவ் ஏறி கோட்டுக்கு மேல போய் நிக்கும். முதல் பாரை (செங்குத்துக் கோட்டுக்கு நடுவுல உள்ள கட்டம்) கிளிக் பண்ணி, ஷிஃப்டை அழுத்திக்கிட்டு அதே வரிசையில கடைசி பாரை கிளிக் பண்ணு. பிறகு கன்ட்ரோலும் கீழ் அம்பும், ஒரே தடவை. எல்லாம் ஒரு ஆக்டேவ் இறங்கும். கீழேயிருந்து மூணாவது இடைவெளியில உள்ள ஸி (C) நோட்டு, பியானோவோட நடு ஸியா ஒலிச்சா சரி

பெங்களூர் தம்பி: 👍

நாசரேத் சித்தப்பா: இவ்வளவு எதுக்கு? பாடுறவனுக்குத் தெரியும்

பாளை மாமா: ஆடியோ கேட்டுப் படிக்கிறவங்களுக்குத் தெரியாதே. அடுத்த தடவை பார்ட் சேர்க்கும்போதே வாய்ஸ் லிஸ்ட்ல டெனரை எடு. சரியான கிளெஃப் தானா வரும். சோப்ரானோவைக் காப்பி அடிச்சா இதே கதைதான்

மதுரை பெரியப்பா: கிளெஃப் ரொம்ப ஒல்லியா இருக்கு. பழைய பாட்டுப் புத்தகத்துல உள்ள மாதிரி வராதா?

பாளை மாமா: ஃபார்மட், ஸ்டைல், ஸ்கோர். அந்த மெனுவுல லீலண்ட்ங்கிற இசைக்குறி எழுத்துருவை மாத்தி பிராவுரா எழுத்துரு வைக்கலாம் அண்ணே. ஆனா கிளெஃப் மட்டும் தனியா மாறாது, நோட்டுத் தலை, ரெஸ்ட் எல்லாம் சேந்து மாறும். பக்கம் முறியுற இடத்தை மறுபடி பாக்கணும்

சின்ன அத்தை: ஆல்ட்டோவுக்கு நீலச் சேலையா மெரூனா?

நாசரேத் சித்தி: மெரூன்

சின்ன அத்தை: நீலம்னுதான பேசினோம்!!

பெங்களூர் தம்பி: மாமா, சாயங்காலம் புது பிடிஎஃப் அனுப்புறேன். எழுத்துரு மாத்தவா வேண்டாமா?

மதுரை பெரியப்பா: மாத்து

பாளை மாமா: சனி முடியட்டும்