ஈக்வடார் காட்டில் ஐந்து மிஷனரிகளை வாவ்ரானி மக்கள் ஏன் கொன்றார்கள்? அப்புறம் என்ன ஆனது?

கேட்டவர்: ஆற்றுமணல்

சண்டே கிளாஸ் போனவர்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்கும். 1956 ஜனவரி 8. ஈக்வடாரின் அமேசான் காட்டில், குராராய் ஆற்று மணல்திட்டில், ஜிம் எலியட், நேட் செயின்ட், எட் மெக்கல்லி, பீட் ஃபிளெமிங், ரோஜர் யூடேரியன் ஆகிய ஐந்து அமெரிக்க ஊழியர்கள் ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டார்கள்.

போன வாரம் என் பத்து வயது மகனுக்கு இதைச் சொன்னேன். மஞ்சள் விமானம், அதிலிருந்து அந்த மக்களுக்குக் கயிறு கட்டிய வாளியில் இறங்கிய பரிசு எல்லாவற்றையும் ரசித்துக் கேட்டான். கடைசியில், "பரிசு கொடுத்தவங்களை ஏம்ப்பா கொன்னாங்க?" என்றான். எனக்குச் சொல்லித்தந்த பதிலையே சொன்னேன்: "அவங்க இருளில் இருந்தாங்க." அவன் விடவில்லை. "வெள்ளிக்கிழமை சிரிச்சுக்கிட்டே வந்து விமானத்துல ஏறிப் பறந்த ஆளு, ஞாயித்துக்கிழமைக்குள்ள எப்படி இருட்டுக்குள்ள போனான்?"

என்னிடம் பதில் இல்லை. அந்த மக்கள் தங்கள் தரப்பில் காரணம் ஏதாவது சொல்லியிருக்கிறார்களா? 'மனந்திரும்பினார்கள்' என்பதோடு கதையை நிறுத்திவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அவர்கள் என்ன ஆனார்கள்?

*

பதில்: ஃபிளானல் டீச்சர்

தம்பி, உங்கள் மகன் கேட்டது என்னை நன்றாகவே குத்திவிட்டது. இருபத்தைந்து வருடம் சண்டே கிளாஸ் எடுத்தவள் நான். விடுமுறை வேதாகமப் பள்ளி வந்தால் இந்தக் கதை நிச்சயம் உண்டு. துணி ஒட்டிய ஃபிளானல் பலகையில் ஐந்து மிஷனரிகளுக்கு ஐந்து முகம் ஒட்டுவேன். வாவ்ரானிகளுக்கு ஒரே அச்சில் வெட்டிய ஆறு உருவம், ஆறுக்கும் ஒரே முகம். அதில் பெண் உருவம் ஒன்றுகூடக் கிடையாது. ஓய்வு பெற்ற பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். படித்தால், முன்னும் பின்னும் கதையை நடத்தியதே பெண்கள்.

முதலில் அந்த வெள்ளிக்கிழமை. ஜனவரி 6 அன்று மணல்திட்டுக்கு வந்தவர்கள் மூன்று பேர்: ஓர் இளைஞன், ஓர் இளம்பெண், வயதில் மூத்த ஒரு பெண். விமானத்தில் ஏறியவன் அந்த இளைஞன், பெயர் நென்கிவி. கிமாடே என்ற அந்த இளம்பெண்மேல் அவனுக்கு ஆசை. அவள் வீட்டாருக்கு அதில் துளியும் சம்மதமில்லை. இருவரும் பெரியவளை விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பியபோது கிமாடேயின் அண்ணன் நம்பா கண்ணில் பட்டார்கள். அவன் கொதித்தான். தன் தலை தப்ப நென்கிவி ஒரு பொய்யை எடுத்துவிட்டான்: "வெளியாட்கள் எங்களைத் தாக்கினார்கள், தப்பி ஓடி வந்தோம்." கோபம் அப்படியே ஆற்றங்கரைப் பக்கம் திரும்பியது. கிகிதா என்ற மூத்தவர் தலைமையில் ஈட்டி செதுக்கினார்கள். பல வருடம் கழித்து, தாக்கப் போனவர்களே நேட் செயின்ட்டின் மகன் ஸ்டீவிடம் சொன்ன காரணம் இது.

ஆனால் அந்தப் பொய் ஏன் எடுபட்டது? அதுதான் முக்கியம். அவர்கள் மொழியில் வெளியாள் என்றால் 'கொவோடே', மனிதனைத் தின்கிறவன் என்ற பயம் அந்தச் சொல்லிலேயே உண்டு. காட்டு ரப்பருக்குக் கிராக்கி இருந்த காலத்தில் வேலைக்கு ஆள்பிடிக்க வந்தவர்களை அவர்கள் மறக்கவில்லை. 1940களில் ஷெல் கம்பெனி எண்ணெய் தேடி வந்தபோது இரு பக்கமும் பகை முற்றியது. இதை நான் ஒருநாளும் பிள்ளைகளுக்குச் சொன்னதில்லை: நேட் செயின்ட் விமானம் ஏற்றிய ஷெல் மேரா ஓடுபாதை, எட் மெக்கல்லி தங்கியிருந்த அராஹுனோ, இரண்டும் அந்தக் கம்பெனி விட்டுப்போன இடங்கள். வானத்திலிருந்து வெட்டுக்கத்தி இறங்கினால் சந்தோஷம்தான். பதிலுக்குக் கிளியும் சுட்ட குரங்கு வாலும் அதே வாளியில் ஏற்றி அனுப்பினார்கள். அதற்காகப் பயம் போய்விடுமா?

அவர்களை நாம் 'ஆக்கா' என்று சொல்லிக்கொடுத்தோமே, அது கிச்சுவா மொழியில் பக்கத்து மக்கள் வைத்த பெயர். காட்டுமிராண்டி என்று அர்த்தம். அந்தப் பெயரை வைத்து ஒரு பாட்டே பாட வைத்திருக்கிறேன். இன்று நினைத்தால் கூசுகிறது.

அடுத்து டயுமா. தன் கூட்டத்துக்குள் நடந்த ஈட்டிக் கொலைகளுக்குப் பயந்து, சின்னப் பெண்ணாகவே காட்டைவிட்டு ஓடி வந்து ஒரு பண்ணையில் வேலை செய்தவள். நேட்டின் அக்கா ரேச்சல் செயின்ட் அவளிடம்தான் மொழி கற்றார். ஜிம் எலியட் மணல்திட்டில் கூவிய நட்பு வார்த்தைகளும் அவளிடம் கேட்டு எழுதிக்கொண்டவைதான். பாவம், வருடக்கணக்கில் வெளியே இருந்ததால் அவள் பேச்சிலும் கிச்சுவா கலந்துபோயிருந்தது. 1958இல் அவள் துணிந்து ஊர் திரும்பினாள். 'இந்த வெளியாட்கள் மனிதனைத் தின்பதில்லை' என்று சொல்ல அங்கே முதல்முறையாகத் தங்கள் ஆள் ஒருத்தி இருந்தாள். அவள் அழைப்பின் பேரில்தான் அந்த அக்டோபரில் ரேச்சலும், கணவனைப் பறிகொடுத்த எலிசபெத் எலியட்டும், அவருடைய மூன்று வயது மகளும் திவேனோ என்ற வாவ்ரானி ஊரில் போய்க் குடியிருந்தார்கள்.

கொலைகள் நின்றது உண்மை. 1974இல் அங்கே போன மானிடவியலாளர் ஜேம்ஸ் யோஸ்ட் ஐந்து தலைமுறை வம்சாவளியைக் கேட்டு எழுதினார். பத்தில் நான்கு சாவு அவர்களுக்குள்ளேயே நடந்த ஈட்டிக் கொலை. பழிக்குப் பழி என்று போய்க்கொண்டே இருந்த சுற்று அது. யாராவது முதலில் ஈட்டியைக் கீழே வைத்தால் மற்றவன் குத்துவானே என்ற பயம். எல்லோரும் ஒரே நேரத்தில் வைக்க ஒரு சாக்கு தேவைப்பட்டது. சுவிசேஷம் அவர்களுக்கு அதுவாகவும் இருந்தது என்று நினைக்கிறேன். விசுவாசத்தைக் குறைத்துச் சொல்லவில்லை, தம்பி. நான் இன்றும் ஜெபிக்கிறவள்தான்.

*

பதில்: குறுக்குச்சால்

டீச்சர் நல்ல பகுதியோடு நிறுத்திவிட்டார். ஈட்டி ஓய்ந்ததும் யார் உள்ளே வந்தது? 1967இல் ஈக்வடார் அமேசானின் லாகோ அக்ரியோவில் டெக்ஸகோ என்ற அமெரிக்கக் கம்பெனி எண்ணெய் கண்டது. மறுவருடத்திலிருந்து, எண்ணெய் தேடும் பகுதியில் இருந்த வாவ்ரானி கூட்டங்களை ரேச்சலும் அவருடைய அமைப்பும் திவேனோவுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். நூறு பேருக்குப் போதுமான இடத்தில் பல மடங்கு ஆட்கள். 1969இல் போலியோ புகுந்தது. பலர் செத்தார்கள், பலருக்குக் கால் போனது. இதையும் பையனிடம் சொல்லுங்கள்.

*

பதில்: ஃபிளானல் டீச்சர்

ஒத்துக்கொள்கிறேன், சகோதரரே. நேற்று எழுதும்போது அந்த இடம் வந்ததும் கை நின்றுவிட்டது. பழைய பழக்கம்.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். எல்லோரையும் திவேனோவிலேயே சேர்த்துவைத்த ரேச்சலின் பிடிவாதத்தை முதலில் கேள்வி கேட்டவர்கள் வெளியாட்கள் அல்ல. யோஸ்ட்டை அனுப்பியதே ரேச்சலின் வேதாகம மொழிபெயர்ப்பு அமைப்புதான். 'ஒரே இடத்தில் குவிக்காதீர்கள், ஒருவரையே நம்பியிருக்க விடாதீர்கள்' என்ற பக்கம்தான் அவர் நின்றார். எலிசபெத் எலியட் அதற்கு எத்தனையோ வருடம் முன்பே ரேச்சலோடு ஒத்துப்போகாமல் கிளம்பிவிட்டார். ரேச்சல் மட்டும் அமைப்பிலிருந்து விலகிய பிறகும் அந்த மக்களோடேயே இருந்தார்; 1994இல் இறந்து, தோன்யாம்பாரே என்ற வாவ்ரானி ஊரில் அடக்கமானார். அவரை எனக்குப் பிடிக்கவும் இல்லை, விடவும் முடியவில்லை.

எண்ணெய்க்காரர் பக்கம் மட்டுமே சபை நின்றது என்றும் சொல்லிவிட முடியாது. 1987 ஜூலையில் கத்தோலிக்க ஆயர் அலெஹாந்த்ரோ லபாக்காவும் சகோதரி இனெஸ் அராங்கோவும் ஹெலிகாப்டரில் தகாயேரி குடியிருப்பில் இறங்கினார்கள். வாவ்ரானிகளிலிருந்து பிரிந்து, யாரோடும் தொடர்பு வேண்டாம் என்று ஒதுங்கிய கூட்டம் அது. எண்ணெய் ஆட்கள் ஆயுதத்தோடு போய்ச் சேருமுன் தாங்கள் போய்விடவேண்டும் என்ற அவசரம் அவர்களுக்கு. இருவர் உடலிலும் ஈட்டிகள் நிறைந்திருந்தன. அந்தக் கூட்டம் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். நல்லவர் வந்தாலும் அதே பதில்.

*

பதில்: ஆற்றுமணல்

இருவருக்கும் நன்றி. நேற்றிரவு முழுசாகச் சொன்னேன். நென்கிவியின் பொய் அவனுக்கு உடனே புரிந்துவிட்டது (அந்த வயதில் அதில் அனுபவம் அதிகம்). போலியோ வந்ததும் பேச்சில்லாமல் இருந்தான்.

2019இல் பாஸ்தாசா மாகாணத்து வாவ்ரானிகள் தங்கள் காட்டை எண்ணெய்க்கு ஏலம் விடக்கூடாது என்று அந்த மாகாணத் தலைநகர் புயோவின் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு ஜெயித்ததை நானும் தேடிப் படித்துச் சொன்னேன். முன்னால் நின்றவர் நெமோந்தே நென்கிமோ என்ற பெண். டீச்சரக்கா, உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

"அவங்க கையில அப்பவும் ஈட்டி இருந்துச்சா?" என்றான். படத்தைக் காட்டினேன். சிலர் கையில் இருந்தது.

*

பதில்: ஃபிளானல் டீச்சர்

அந்தப் படத்தை எனக்கும் அனுப்புங்கள் தம்பி. பழைய பலகை இன்னும் பரணில்தான் இருக்கிறது. பேத்திக்கு இந்த முறை முகம் வரைந்து ஒட்டப் போகிறேன்.