கிருஷ்ணகிரியிலிருந்து லண்டன்: டிக்கெட்டில் இருக்கிற நேரமும் ஆகிற நேரமும்

பர்கூர்:
பெங்களூரிலிருந்து லண்டனுக்கு வான்வழியாகச் சுமார் 8,000 கி.மீ. நேரடி விமானம் என்றால் போக பத்தரை மணி நேரம், சில நாள் அதற்கு மேலும். திரும்ப அதைவிடக் குறைவு. பத்து, பன்னிரண்டு கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக அடிக்கிற காற்றுதான் காரணம். விமானத்தின் வேகம் மணிக்கு 900 கி.மீ., எதிர்காற்று 80 என்றால் நிலத்தைக் கடக்கும் வேகம் 820தான். வரும்போது அதே காற்று முதுகில் தள்ளும். குளிர்காலத்தில் இந்த வித்தியாசம் கூடும். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. அதனால் நம்ம நாட்டுக் கம்பெனிகளின் விமானங்கள் சுற்றித்தான் போக வேண்டியதாயிற்று. பழைய டிக்கெட்டைப் பார்த்துக் கணக்குப் போடாதீங்க.

டிக்கெட்டில் இரண்டு ஊர் நேரமும் அந்தந்த ஊர்க் கடிகாரப்படி இருக்கும். பெங்களூரில் புறப்பாடு 7.00, லண்டன் சேர்வது 12.30 என்றால் பயணம் ஐந்தரை மணி இல்லை. கோடையில் நாலரை மணி கூட்டணும், பத்து ஆகும். அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மார்ச் கடைசி ஞாயிறு வரை ஐந்தரை கூட்டணும்.

காவேரிப்பட்டணம்:
பர்கூர் அண்ணா சொன்ன 8,000 கி.மீ.யில் முன்னே பின்னே அரை மணிதான் மாறும். கழுத்தை அறுக்கிறது கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு விமான நிலையம் இருக்கிற தேவனஹள்ளி வரைக்குமான 125 கி.மீ.தான். ராத்திரி ஒரு மணிக்குக் கிளம்பினால் இரண்டரை மணி நேரம். அதே தூரம் பகலில் நாலு மணிக்கும் மேலே இழுக்கும். அத்திப்பள்ளி டோல், சந்தாபுரா, அப்புறம் பெங்களூரில் சில்க் போர்டு சந்திப்பிலிருந்து ஹெப்பால் வரை வெளிவட்டச் சாலை, எல்லாமே நெரிசல். மதியம் ஒரு மணி விமானத்துக்கு எட்டு மணி நெரிசலில் சில்க் போர்டைத் தொடக்கூடாது. நாலரைக்கே வண்டி எடுத்தால் ஆறரைக்கு அதைத் தாண்டிடலாம். விமான நிலையத்தில் சும்மா உட்கார்ந்திருப்பது நஷ்டமில்லை. பல கம்பெனிகள் புறப்பாட்டுக்கு 60 நிமிஷம் முன்பே கவுன்டரை மூடிடுவாங்க.

ஓசூரில் பிரிந்து பாகலூர், மாலூர், ஒசகோட்டை வழியாகத் தேவனஹள்ளி போனால் நகரத்துக்குள் நுழையவே வேண்டாம். ஆனால் மாலூர்ப் பக்கம் லாரி அதிகம், ராத்திரியில் பழக்கமில்லாத டிரைவரை அந்த வழியில் விடாதீங்க.

தர்மபுரி:
எங்களுக்குச் சேலம் விமான நிலையம் பக்கம், ஓமலூர் அருகே காமலாபுரம். அங்கிருந்து பெங்களூரு போய் லண்டன் விமானம் மாறலாம் என்று நினைக்கிறவங்க ஒன்று கவனிக்கணும். இரண்டும் தனித்தனி டிக்கெட் என்றால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டாலும் யாரும் பொறுப்பேற்க மாட்டாங்க. பெட்டியை வெளியே எடுத்து மறுபடி போடணும். உள்நாட்டில் 15 கிலோதான் என்றால் 23 கிலோ பெட்டிக்குக் கூடுதல் பணம். இறங்குவது முதல் முனையம், வெளிநாட்டு விமானம் இரண்டாவது முனையம். இரண்டு விமானத்துக்கும் நடுவே குறைந்தது ஐந்து மணி நேரம் விடுங்க.