பழைய போர்டு பள்ளிக்கூடத்தை விற்கலாமா?

செங்கல்மனம்:
லண்டனில் எங்கள் பகுதியில் 1890களில் கட்டிய போர்டு பள்ளிக்கூடம், அதாவது அன்றைய பள்ளி வாரியம் (ஸ்கூல் போர்டு) கட்டிய பள்ளி, ஒன்று இருக்கிறது. அதை வீடுகளாக்க விற்றுவிட்டுப் பிள்ளைகளுக்குப் புதுக் கட்டடம் கட்டலாமா என்று பெற்றோரிடம் கருத்துக் கேட்கிறார்கள். வேண்டாம் என்று எழுதப் போகிறேன். 1870ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்குப் பிறகுதான் இந்த ஊரின் ஏழைப் பிள்ளைகள் அனைவருக்கும் பள்ளியில் இடம் தேடும் வேலை தொடங்கியது. அதற்காகத் தேர்தல் வைத்து அமைத்த லண்டன் பள்ளி வாரியம், 1904 வரை நானூறுக்கும் மேற்பட்ட பள்ளிகளை மக்கள் வரிப்பணத்தில் எழுப்பியது. முதல் கட்டடக் கலைஞர் ராப்சன், தேவாலயச் சாயலுள்ள கோதிக் பாணியை ஒதுக்கினார். மஞ்சள் செங்கல் சுவர், சிவப்புச் செங்கல் விளிம்பு, வளைந்த முகடு, வெள்ளைச் சட்டமிட்ட நெடிய ஜன்னல்கள். கூலிக்காரர் பிள்ளை படிக்கும் இடம் தெருவிலேயே உயர்ந்த கட்டடமாக நின்றது. அதையா விற்பது?

மூன்றாம்மாடி அம்மா:
அண்ணா, தெருவில் நின்று பார்த்தால் அழகுதான். என் மகன் சக்கர நாற்காலியில் பள்ளிக்குப் போகிறான். அங்கும் இதே காலத்துக் கட்டடம், லிப்ட் கிடையாது. மேல்மாடியில் இசை வகுப்பு நடக்கும்போது அவன் மட்டும் கீழே உட்கார்ந்து படம் வரைகிறான். பாட்டுச் சத்தம் படிக்கட்டு வழியாக இறங்கி வருமாம். ஜன்னலின் அடிவிளிம்பு என் தோளுக்கு மேலே இருக்கிறது; உட்கார்ந்தால் வானம் தெரியும், மரம் தெரியாது. பிள்ளைகள் வெளியே பார்க்கக் கூடாது என்று நினைத்துக் கட்டியவர்களை நான் ஏன் கொண்டாட வேண்டும்?

செங்கல்மனம்:
வெளிச்சத்தையும் பாருங்கள் தங்கச்சி. புகை மூடிய ஊர், மின்விளக்கு வராத காலம், ஒரே வகுப்பில் அறுபது பிள்ளைகள். ஜன்னல் உயர்ந்தால்தான் கடைசி வரிசை வரை வெளிச்சம் எட்டும். வலக்கையின் நிழல் எழுத்தின்மேல் விழாதபடி, இடப்பக்கமிருந்து ஒளி வரவேண்டும் என்று ராப்சன் பிடிவாதமாக இருந்தார். ஏழைப் பிள்ளையின் சிலேட்டில் விழும் நிழலைப் பற்றி அதற்கு முன் யார் கவலைப்பட்டார்கள்?

நிலக்கணக்கு:
அந்த ஜன்னல்கள் வழியே வெப்பம் எவ்வளவு வீணாகிறது என்று யோசியுங்கள். உயர்ந்த கூரையைச் சூடாக்கும் பணத்தில் ஆசிரியர்களை நியமிக்கலாம்.

வரைபலகை:
பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். ராப்சனுக்குப் பின் வந்த பெய்லி காலத்தில் நிலம் விலை ஏறியதால் பள்ளிகள் மூன்று மாடியாயின. கீழே மழலையர், மேலே சிறுவர், சிறுமியர் தனித்தனியாக. விளையாட இடமில்லாத ஊரில் சில பள்ளிகள் மொட்டைமாடியிலேயே கம்பிவேலி போட்டு மைதானம் அமைத்தன. லிப்ட் வைக்கலாம், ஆனால் சுலபமில்லை. மேலங்கி மாட்டும் அறை, ஆசிரியர் அறை எல்லாம் படிக்கட்டுக் கோபுரத்தில் இரு மாடிகளுக்கு நடுவே தொங்குகின்றன. லிப்ட் அந்த அரைமாடிகளிலும் நிற்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட கட்டடமானால் அனுமதி தேவை; பின்புறச் சுவரை ஒட்டிக் கட்ட அனுமதி கிடைத்ததை நானே பார்த்திருக்கிறேன்.

மூன்றாம்மாடி அம்மா:
நூறு வருடத்துக்கு மேலாக அந்தச் சுவர் அங்கேதான் நிற்கிறது. லிப்ட் ஏன் இன்னும் வரவில்லை? “விற்காதே” என்று கையெழுத்து வாங்குகிறவர்கள் யாரும் இதைக் கேட்கவில்லையே அண்ணா.

செங்கல்மனம்:
நீங்கள் சொல்வது உண்மை. நானும் கேட்கவில்லை, அது என் தவறு. ஆனால் நகர நடுவில் ஒருமுறை விற்ற நிலம் திரும்பிக் கிடைக்காது. வீடுகளாகிப்போன ஒரு பள்ளியைப் பார்த்தேன். வாசல் கல்லில் “கேர்ல்ஸ்” என்ற எழுத்து அப்படியே இருக்கிறது, கீழே கதவில் எண் பூட்டு. 1870இல் நடந்த முதல் வாரியத் தேர்தலிலேயே எலிசபெத் காரெட் என்ற பெண் மருத்துவர் லண்டனின் மேரில்போன் பகுதியில் முதலிடம் பிடித்தார். நாடாளுமன்றத்துக்கு வாக்களிக்கப் பெண்களுக்கு உரிமையே இல்லாத காலம் அது. அப்படித் தொடங்கிய பள்ளிகளின் வாசல் பிள்ளைகளுக்கு அடைபடுவதை என்னால் தாங்க முடியவில்லை. கடிதத்தின் முதல் வரியாக லிப்டைக் கேட்கிறேன், விற்காதே என்பது இரண்டாவதாக வரட்டும்.

மூன்றாம்மாடி அம்மா:
எழுதி இங்கே போடுங்கள் அண்ணா. அரைமாடிகளிலும் நிற்க வேண்டும் என்பதையும் சேருங்கள். படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவதைப் பற்றிச் சொல்கிறேன்.