கையில் ஒரு ஆஃபர், மனசு வங்கி வேலையில்

கேள்வி: கோவையில் ஒரு தனியார் கம்பெனி ஆஃபர் லெட்டர் கொடுத்துவிட்டது, வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லணும். ஆனால் ஐபிபிஎஸ் பிஓ (வங்கி அதிகாரி வேலை) இன்டர்வியூ முடித்துவிட்டு இறுதி முடிவுக்காகக் காத்திருக்கிறேன், எனக்கு அதுதான் வேண்டும். இதில் சேர்ந்துவிட்டுப் பாதியில் விட்டால் தப்பா?

பதில்: தாராளமாகச் சேருங்க தம்பி. ரிசல்ட் வந்த மறுநாளே வங்கியில் கூப்பிட மாட்டார்கள், அதுவரை வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது? கையெழுத்துப் போடும் முன் பாண்டு (இத்தனை காலம் வேலையை விடக்கூடாது என்ற ஒப்பந்தம்) இருக்கிறதா, நோட்டீஸ் பீரியட் (விலகுவதாகச் சொன்ன பிறகும் வேலை பார்க்க வேண்டிய காலம்) எத்தனை நாள் என்று மட்டும் பாருங்க.

பதில்: நான் 90 நாள் நோட்டீஸைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டு, கடைசியில் பணம் கட்டித்தான் வெளியே வந்தேன்!

பதில்: பிஎஃப் பிடித்தால் யுஏஎன் என்ற உங்கள் பிஎஃப் எண்ணில் இந்த வேலையும் பதிவாகும், அதனால் வங்கியில் மறைக்க வேண்டாம். ரிலீவிங் லெட்டர் வாங்காமல் கிளம்பாதீங்க.

கேட்டவர்: பார்த்துவிட்டேன் அண்ணா. பாண்டு இல்லை, நோட்டீஸ் 30 நாள்தான். சரி, சேர்கிறேன்.