முதல் தையல் மெஷின்: 13 தையலா, 60 தையலா, 200 தையலா?

நெட்டைப் பேன்ட் எழுதியது:

வணக்கம். எனக்கு வயது 43. சட்டைப் பொத்தானைத் தவிர வேறெதையும் தைத்தவன் இல்லை. எந்தப் பேன்ட் வாங்கினாலும் எனக்கு நான்கு விரற்கடை நீளமாகத்தான் அமையும். ஒவ்வொரு முறையும் யாரிடமாவது கொடுத்து மடித்துத் தைத்து வாங்கி அலுத்துவிட்டது. ஜன்னல் திரை, தலையணை உறை, மகளின் கிழிந்த பை என்று வேறு வேலைகளும் காத்திருக்கின்றன. ஒரு தையல் மெஷின் வாங்கிவிடலாம் என்று இரண்டு வாரமாகப் பார்க்கிறேன். ஒன்று 13 வகைத் தையல் போடுமாம், இன்னொன்று 60, திரை வைத்த ஒன்று 200. பேட்டரியில் ஓடும் குட்டி மெஷின் வேறு இருக்கிறது. எத்தனை தையல் இருந்தால் போதும்? முதலிலேயே பெரியதாக வாங்கிவிட்டால் பிறகு மாற்ற வேண்டியிருக்காது அல்லவா?

பழைய பாபின் எழுதியது:

இரண்டு போதும். நேர்த்தையல், ஜிக்ஜாக். காஜா எடுக்கும் வசதியும் இருந்தால் நல்லது. மிச்சமெல்லாம் பூவும் இலையும் வாத்துமாக இருக்கும். வயிற்றெரிச்சலில்தான் சொல்கிறேன், திரை வைத்த மெஷினை முதல் மெஷினாக வாங்கியவள் நான். ஆறு வருடத்தில் அந்த வாத்து வரிசையைப் போட்டது ஒரே ஒரு தடவை, வாங்கிய அன்று மாலையில்.

எவ்வளவு மெதுவாக ஓடும் என்று பாருங்கள். இதை யாரும் அட்டைப்பெட்டியின் மேல் அச்சடிப்பதில்லை. வீட்டு மெஷின்கள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 600 முதல் 1000 தையல் வரை போடும். அந்த வேகத்தை வைத்துக்கொண்டு புதிதாகத் தைப்பவர் என்ன செய்வது? மூலையில் நிறுத்தித் துணியைத் திருப்ப வேண்டிய இடத்தில் மெஷின் மிரண்ட மாடு மாதிரி ஓடினால், ஒரு தலையணை உறையைத் தைப்பதை விடப் பிரிப்பதற்குத்தான் நேரம் போகும். என் முதல் உறையை மூன்று தடவை பிரித்தேன். துணியில் ஊசித் துளைகள் சல்லடை போலத் தெரிந்தன.

ஆகவே வாங்குமுன் மெஷின் எதிரே நீங்களே உட்காருங்கள், விற்பவரை ஓட்டிக் காட்டச் சொல்லாதீர்கள். பெடலை மெல்ல அழுத்தி ஒரே ஒரு தையல் போட்டு நிறுத்திப் பாருங்கள். ஊசி இறங்கி ஏறி நிற்க வேண்டும். முதலில் முனகிவிட்டு, பிறகு திடீரென்று பத்துத் தையல் பாய்ந்தால் எழுந்து வந்துவிடுங்கள். சில மெஷின்களில் அதிகபட்ச வேகத்தைக் குறைத்து வைக்க ஒரு சிறு தள்ளு பொத்தான் இருக்கும். கிடைத்தால் விடாதீர்கள்.

துணியை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். விற்பவர் வைத்திருக்கும் விறைப்பான பருத்தித் துண்டில் எந்த மெஷினும் முத்து முத்தாகத் தைக்கும். வெட்டிப் போட்ட ஜீன்ஸ் கால், பழைய டி-ஷர்ட், ‘வாயில்’ (voile) என்ற மெல்லிய துணித் துண்டு, இந்த மூன்றும் இருந்தால் போதும். ஜீன்ஸை நான்காக மடித்து ஓட்டுங்கள், மோட்டார் திணறுகிறதா என்று தெரியும். வாயிலின் ஓரத்தை ஊசித் தட்டு உள்ளே இழுத்து விழுங்குகிறதா என்று பாருங்கள். டி-ஷர்ட்டில் ஜிக்ஜாக் போட்டுத் துணியை இழுத்தால் தையலும் கூடவே நீள வேண்டும், நூல் அறக்கூடாது.

மேலே சிவப்பு, பாபினில் (கீழ் நூல் சுற்றும் சிறு உருளை) வெள்ளை என்று இரண்டு நிற நூல் போட்டு ஓட்டினால் இன்னொன்றும் புரியும். இரண்டு நூலும் துணியின் நடுவில்தான் பின்ன வேண்டும். வெள்ளை மேலே புள்ளி புள்ளியாக எட்டிப் பார்த்தால் மேல் நூலின் இறுக்கம் அதிகம். டென்ஷன் திருகைக் குறைத்ததும் அது மறைந்தால் மெஷினில் குறையில்லை.

குட்டி மெஷின் வேண்டாம். நல்ல வீட்டு மெஷின் உள்ளே உலோகச் சட்டத்தோடு 6, 7 கிலோவாவது இருக்கும். எடை இல்லாதது, ஜீன்ஸை இழுக்கும்போது துணியை விட்டுவிட்டுத் தான் நகர்ந்து வரும். பிடித்து நிறுத்த மூன்றாவது கை வேண்டும்.

மிதிகட்டை எழுதியது:

மெதுவாக ஓட வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு எதற்கு மோட்டார்? காலால் மிதிக்கும் கறுப்பு மெஷினை விட மெதுவாக ஓடுவது எது? மின்சாரம் போனாலும் தைக்கலாம். ஐசக் சிங்கர் 1851இல் காப்புரிமை பெற்ற காலத்திலிருந்து அடிப்படை வேலை மாறவில்லை: மேல் நூல் ஒன்று, கீழ் நூல் ஒன்று, நடுவில் ஒரு பின்னல்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் நேர்த்தையல் மட்டும்தான் போடும். வீட்டில் நிரந்தரமாக ஓர் இடம் பிடித்துக்கொள்ளும். ஆரம்பத்தில் சக்கரம் பின்னோக்கிச் சுற்றி நூல் அறுந்துகொண்டே இருக்கும். நான் முதல் வாரம் முழுக்க நூலே கோக்காமல் கோடு போட்ட தாளைத்தான் தைத்தேன். துளைகள் கோட்டின் மேல் விழத் தொடங்கிய பிறகுதான் துணியை எடுத்தேன். மோட்டார் மெஷினுக்கும் இந்தப் பயிற்சி பொருந்தும். தாள் தைத்த ஊசியை மட்டும் துணிக்குப் போடாதீர்கள், முனை மழுங்கியிருக்கும்.

நெட்டைப் பேன்ட் எழுதியது:

இருவருக்கும் நன்றி. மிதிக்கும் மெஷின் வைக்க இடமில்லை. அக்கா, பாபின் முன்பக்கம் செருகுவது நல்லதா, மேலே போடுவது நல்லதா? பழைய மெஷின் ஒன்றும் கைக்கு வருகிறது, வாங்கலாமா?

பழைய பாபின் எழுதியது:

மேலே போடுவதை வாங்குங்கள் தம்பி. மூடி கண்ணாடி மாதிரி இருப்பதால் நூல் தீரப்போவது தெரியும். முன்பக்கம் செருகுவதும் நன்றாகவே தைக்கும். ஆனால் பாபினைப் போட்டு மாட்டும் பாபின் கேஸ் ‘டக்’கென்று உட்கார்ந்ததா இல்லையா என்று புதியவர்களுக்குத் தெரியாது. சரியாக உட்காராவிட்டால் ஊசி உடையும்.

பழையதில் கைச்சக்கரத்தை உங்கள் பக்கமாகச் சுற்றிப் பாருங்கள். சீராகச் சுற்றினால் நல்லது. கொஞ்சம் கனமாக இருந்தால் காய்ந்த எண்ணெயாக இருக்கலாம், துடைத்துத் தையல் மெஷின் எண்ணெய் விட்டால் தேறும். சமையல் எண்ணெய் விட்டு வைத்திருந்தால் பிசின் மாதிரி பிடித்திருக்கும். ஓரிடத்தில் இடித்து நின்றால் வேண்டாம்.

எந்த ஊசி போடும் என்றும் கேளுங்கள். 130/705 H என்றால் கவலையில்லை, வீட்டு மெஷின்களில் அதிகம் புழங்குவது அதுதான். சாதாரணத் துணிக்கு 90/14, ஜீன்ஸுக்கு 100/16. 90 என்பது ஊசித்தண்டின் குறுக்களவு, அதாவது 0.9 மில்லிமீட்டர். டி-ஷர்ட்டுக்கு முனை உருண்ட ஊசி வேண்டும், கூர்முனை ஊசி தையலைத் தாண்டித் தாண்டிப் போகும்.

நெட்டைப் பேன்ட் எழுதியது:

13 தையல் மெஷினையே வாங்கிவிட்டேன், புதியதுதான். ஒரு தையல் போட்டு நிறுத்தும் சோதனையில் 60 தையல் மெஷின் தோற்றது! ஆனால் வீட்டுக்கு வந்து ஓட்டினால் துணிக்கு மேலே தையல் ஒழுங்காக இருக்கிறது, கீழே நூல் குருவிக்கூடு மாதிரி சுருண்டு கிடக்கிறது. பாபினை நான்கு தடவை கழற்றி மாட்டிவிட்டேன். மெஷின் கெட்டதா?

பழைய பாபின் எழுதியது:

கெடவில்லை. கூடு கீழே இருந்தாலும் தப்பு மேலேதான். துணியை அழுத்தும் பாதத்தை இறக்கி வைத்துக்கொண்டு நூல் கோத்திருப்பீர்கள். பாதம் இறங்கியிருக்கும்போது மேல் நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் ஒட்டிக்கொள்ளும், நூல் இடையில் போகாமல் வெளியே தொங்கும். பிடிப்பே இல்லாத மேல் நூல் அத்தனையும் கீழே போய்ச் சுருளும். பாதத்தைத் தூக்கி, மேல் நூலை முழுவதும் உருவி, முதலிலிருந்து கோத்துவாருங்கள். பிறகு பாதத்தை இறக்கி நூலை இழுத்துப் பாருங்கள், கை விரலுக்குப் பிடிப்புத் தெரிய வேண்டும்.

நெட்டைப் பேன்ட் எழுதியது:

பாதத்தைத் தூக்கிக் கோத்தேன், கூடு போய்விட்டது. தலையணை உறை இரண்டு முடிந்தன. பேன்ட்டில்தான் கால் பக்கத் தடித்த மூட்டு வந்ததும் பாதம் மலையேறுவது மாதிரி சாய்ந்து, அங்கேயே நின்று குத்துகிறது.

மிதிகட்டை எழுதியது:

மேட்டில் ஏறும்போது பாதத்தின் பின்பக்கம் ஓர் அட்டைத் துண்டை மடித்து வையுங்கள், பாதம் சமமாகிவிடும். அந்த நான்கைந்து தையலை மட்டும் பெடலைத் தொடாமல் கைச்சக்கரத்தால் போடுங்கள். மேட்டிலிருந்து இறங்கும்போது அட்டையை முன்பக்கம் மாற்றிவிடுங்கள்.