கேரல் ரவுண்ட்ஸ் வந்த ராத்திரி: உங்கள் தெருவில் என்ன நடந்தது? கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடி வீடு வீடாக வருகிறவர்களைப் பற்றி வடசென்னைக்காரர்கள் எழுதியவை

கல்மண்டபம் மாடிவீடு

வர்தா புயல் வருஷம், 2016. டிசம்பர் 12 அன்று புயல் அடித்தது. ஆறு நாளாகியும் எங்கள் சந்துக்கு மட்டும் கரண்ட் வரவில்லை. கையில் இருந்தது ஒரே ஒரு ரெண்டாயிரம் ரூபாய் நோட்டு. பழைய ஐந்நூறு செல்லாமல் போய், ஏடிஎம் வரிசையில் நின்றால் அந்த ரோஸ் கலர் நோட்டு மட்டும் வந்த காலம், உங்களுக்கே தெரியும். அன்று சாயங்காலம் கீழ்வீட்டு அண்ணனிடம் சில்லறை கேட்டேன். "பாலுக்கே கடன் சொல்லியிருக்கேம்மா" என்றார்.

ராத்திரி பதினொன்றரைக்கு டிரம் சத்தம். எங்கள் சர்ச் ஆட்கள்தான். காணிக்கை டப்பாவில் போட ஒன்றும் இல்லை, வெறுங்கையோடு வாசலில் நிற்க மனசும் வரவில்லை. மெழுகுவர்த்தியை ஊதிவிட்டு, பிள்ளைகள் இரண்டு பேரையும் மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். வெளியே பாடுகிறார்கள். இரண்டாவது சரணத்தில் சின்னவள், அப்போது நாலு வயசு, இருட்டுக்குள் இருந்தே கூடப் பாட ஆரம்பித்துவிட்டாள். வாயைப் பொத்துவதற்குள் ஒரு வரி முழுசாக வெளியே போய்விட்டது. பாட்டு நின்றது. அப்புறம் டிரம் அடிக்கிறவர் குரல். கீழ்வீட்டு அண்ணனேதான். "வூட்ல யாரும் இல்லடா, ஊருக்குப் போயிருக்காங்க. அடுத்த வூட்டைப் பாருங்க."

மறுநாள் தண்ணீர் பிடிக்கும்போது எதிரே நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

வியாசை மூணாவது பிளாக்

நாங்கள் இந்துக்கள். எங்கள் பிளாக்கில் முக்கால்வாசி கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டுகிற வீடு. ஸ்டார் இல்லாத வீட்டுக்கு ரவுண்ட்ஸ் வராது. ஒன்றாவது படிக்கிற என் பையன், "நம்ம வீட்டுக்கு மட்டும் கிறிஸ்துமஸ் தாத்தா ஏன் வரல?" என்று ஒரு வாரம் உயிரை எடுத்தான். பாரிமுனைக்குப் போய் ஒரு ஸ்டார் வாங்கிவந்து, வாசலில் திருஷ்டிப் பூசணிக்குப் பக்கத்திலேயே மாட்டினேன்.

வந்தார்கள். என் அம்மா உள்ளே ஓடினார். வீட்டுக்குப் பெரியவர் வந்தால் என்ன செய்வாரோ அதையே செய்தார்: ஆரத்தித் தட்டில் கற்பூரம் ஏற்றி, தாத்தா முகத்துக்கு நேராகச் சுற்ற ஆரம்பித்தார். தாத்தாவுக்கு இடுப்பு வரைக்கும் பஞ்சுத் தாடி! "ஆயா, பஞ்சு ஆயா, பஞ்சு!" என்று தாத்தா வேஷக்காரன் பின்னால் போக, அம்மா தட்டோடு முன்னால் போக, கிடார் வைத்திருந்த பெண் குனிந்து ஒரே ஊதாக ஊதி அணைத்துவிட்டாள். எல்லோரும் சிரித்தோம். அம்மா சிரிக்கவில்லை. ஆரத்தியை வாயால் ஊதக் கூடாது. அவருக்கு அடுத்த வாரம் கண் ஆபரேஷன் வேறு.

அவர்கள் போனபிறகு, "நான் செஞ்சது தப்பாடா?" என்று கேட்டார். இல்லம்மா என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன், அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பழைய வண்ணை

எல்லோரும் உருகுகிறீர்கள், சரி. நானும் ஞானஸ்நானம் வாங்கியவன்தான். ராத்திரி ஒன்றரை மணிக்கு ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு வந்து டிரம் அடிப்பது என்ன பக்தி? அப்பாவுக்கு பக்கவாதம் வந்து வீட்டுக்குக் கூட்டிவந்த நாலாவது நாள். சத்தத்தில் தூக்கிவாரிப் போட்டு, எழ முடியாமல், பேசவும் முடியாமல், ஒரு கையால் கட்டிலைத் தட்டுகிறார். நான் பனியனோடு இறங்கிப் போய்க் கத்தினேன். என்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. முன்னால் நின்ற தாத்தா முகமூடியைக் கழற்றினான். காலையில் எங்கள் வீட்டுக்குப் பால் பாக்கெட் போடுகிற பையன். பத்தாவது படிக்கிறான், அரையாண்டுப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. முகமெல்லாம் வேர்வையில் ஊறியிருந்தது. "சாரிண்ணா, உங்க வீட்ல தாத்தாவுக்கு முடியலனுதான் ஜெபம் பண்ண வந்தோம்" என்றான்.

அடுத்த நாளிலிருந்து பாக்கெட்டை கேட்டில் மாட்டிவிட்டு, பெல் அடிக்காமல் போய்விடுகிறான்.

லோகோ ஒர்க்ஸ் ரிட்டயர்டு

பழைய வண்ணை தம்பிக்கு: சட்டப்படி உங்கள் பக்கம்தான் நியாயம். 2000ஆம் வருஷத்து ஒலி மாசு விதிப்படி ராத்திரி 10 முதல் காலை 6 வரை திறந்த இடத்தில் ஸ்பீக்கர் கூடாது. பண்டிகைக்காக அரசு வருஷத்தில் 15 நாள் வரைக்கும் 12 மணிவரை தளர்த்தலாம். ஒன்றரைக்கு எந்தத் தளர்வும் கிடையாது. ஆனால் உங்களுக்கு ரவுண்ட்ஸ் கணக்கு தெரியவில்லை. நூறு வீடு, வீட்டுக்கு ஒரு பாட்டு, ஒரு ஜெபம், ஒரு டம்ளர் காபி. ஐந்து நிமிஷம் என்று வைத்தாலும் எட்டு மணி நேரம்! கடைசியில் வருகிற வீட்டுக்காரன் திட்டத்தான் செய்வான். ஆடி மாசம் அம்மன் கோயில் குழாய் ரேடியோவுக்கு இப்படி இறங்கிப் போய்க் கத்துவீர்களா? மாட்டீர்கள். நம்ம ஆள் என்பதால்தானே கத்தினீர்கள்?

என் கதை சின்னது. 1981இல் பெரம்பூரில் பெட்ரோமாக்ஸ் தூக்கிப் போனவன் நான். ஒரு ஆங்கிலோ இந்தியன் ஆன்ட்டி வீட்டு வாசலில் தடுக்கி, விளக்கில் எரிகிற மேன்டில் வலை உதிர்ந்து வெளிச்சம் போய்விட்டது. பாட்டுப் புத்தகம் தெரியவில்லை. தெரிந்த ஒரே சரணத்தை மூன்று தடவை பாடினோம். ஆன்ட்டி கடைசிவரை நின்று கேட்டுவிட்டு, "அடுத்த சரணம் எங்கே?" என்றார்.

கொடுங்கையூர் சபை

வியாசை அண்ணனுக்கு: ஸ்டார் கட்டாத வீடெல்லாம் வேற மதம் என்று நினைக்காதீர்கள். நாங்கள் பெந்தெகொஸ்தே. ஸ்டார், மரம், குடில் எதுவும் கிடையாது. எங்கள் வீட்டையும் தாண்டித்தான் போவார்கள். என் பெண்ணும் ஜன்னலில்தான் நிற்பாள்.

ஒயர்மேன்

ஸ்டாரைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். திருவொற்றியூரில் ஒரு வீட்டில் மழையில் நனைந்த ஸ்டார் ஒயர் கிரில்லில் பட்டு, காலையில் கீரைக்கார அம்மா கேட்டைத் தொட்டவுடன் கூடையோடு விழுந்தார். பிழைத்துக்கொண்டார். கூப்பிட்டார்கள், போய்ப் பார்த்தேன். ஒயரில் ஜாயின்ட், அதற்குச் சுற்றியிருந்தது செல்லோ டேப்.

தயவுசெய்து கேளுங்கள். பேப்பர் ஸ்டாருக்குள் 60 வாட் குண்டு பல்பு போடாதீர்கள், சூட்டில் பேப்பர் கருகும். 5 வாட் எல்இடி தாராளம். ஸ்டாரை ஒயரால் தொங்கவிடாதீர்கள். நைலான் கயிறுதான் எடையைத் தாங்கணும், ஒயர் தளர்வாக இருக்கணும். ஒயர் வீட்டுக்குள் நுழைகிற இடத்தில் கீழே ஒரு வளைவு விட்டு மேலே ஏற்றுங்கள், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும், சுவிட்ச் போர்டுக்குப் போகாது. ஜாயின்ட் இல்லாத ஒரே நீள ஒயர் வாங்குங்கள். மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லை. இரண்டு பால்கனிக்கு நடுவே தெருவைத் தாண்டிக் கட்டுகிறவர்கள் தண்ணி லாரி உயரத்தைப் பார்த்துக் கட்டுங்கள். ஈபி கம்பம் பக்கமே போகாதீர்கள். டிசம்பர் என்றாலே நமக்குப் புயல். கரண்ட் கசிந்தால் தானே அணைக்கிற 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி இல்லாத வீடு என்றால் மழை நாளில் ஸ்டாரை அணைத்தே வையுங்கள். ஏசு கோபித்துக்கொள்ள மாட்டார்.

வியாசை மூணாவது பிளாக்

அண்ணே, என் ஸ்டார் பேட்டரி ஸ்டார்.

காட்டுக்குப்பம்

2023 மிக்ஜாம் புயல். வெள்ளத்தோடு கச்சா எண்ணெயும் கொசஸ்தலை ஆற்றில் வந்தது டிவியில் பார்த்திருப்பீர்கள். எங்கள் வலை, போட், வீட்டுச் சுவர் எல்லாம் கறுப்பு. வீட்டுக்காரர் காலையில் பக்கெட்டோடு எண்ணெய் அள்ளப் போவார், ராத்திரி வந்தால் கண் எரிச்சலில் தூங்க மாட்டார். புது வலைக்கு வாங்கின கடன் பாதிகூட அடையவில்லை. அந்த வருஷம் துணி எடுக்கவில்லை, பலகாரம் சுடவில்லை.

இருந்தும் ரவுண்ட்ஸ் வந்தது. டிரம் இல்லை, டப்பா நீட்டவில்லை. ஏழெட்டுப் பேர், முன்னால் சம்மனசு (தேவதூதர்) வேஷத்தில் ஒரு பெண் குழந்தை, வெள்ளை கவுன், ஜரிகைக் கிரீடம். பாடி முடித்ததும் என்னை அறியாமல் அந்தக் குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டேன். விட்ட பிறகுதான் பார்க்கிறேன், கவுன் முதுகில் என் ஐந்து விரலும் கறுப்பாக. அதுவரை வலை கழுவிக்கொண்டிருந்தேன். குழந்தைக்குத் தெரியாது. அதே கவுனோடு அடுத்த வீட்டு வாசலில் போய் நின்று பாடினாள். அந்த எண்ணெய் துவைத்தால் போகாது. எந்தத் தெருப் பிள்ளை என்று எங்கள் பங்குக் கோயிலில் கேட்டுப் பார்த்தேன், யாரும் சரியாகச் சொல்லவில்லை. ஒரு கவுன் எடுத்துக் கொடுக்கணும். இப்போது வளர்ந்திருப்பாள், அளவும் தெரியாது.

பழைய வண்ணை

லோகோ சார், அம்மன் கோயிலுக்கும் போய்க் கத்தியிருக்கிறேன். அங்கே அடி விழுந்தது.

லோகோ ஒர்க்ஸ் ரிட்டயர்டு

சரி, வாபஸ். அந்தப் பையனுக்கு ஒரு கேக் வாங்கிக் கொடுங்கள். கல்மண்டபம் அம்மாவும் கீழ்வீட்டுக்காரரிடம் போய் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள், ஒரு பாரம் இறங்கும்.

கல்மண்டபம் மாடிவீடு

சொல்லணும் என்று நினைத்துத்தான் போனேன். அண்ணனுக்கு முட்டி வலி, இப்போதெல்லாம் டிரம் தூக்குவதில்லை. கீழே உட்கார்ந்து ரவுண்ட்ஸ் டப்பாவைக் கவிழ்த்து எண்ணிக்கொண்டிருந்தார். பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று நான் நிற்கிறேன். அவர் தலையைத் தூக்காமலே, "சில்லறை எதுனா வேணுமாம்மா?" என்றார்.