நரேனின் நாஸ்கார் ஆண்டு: ஒன்பது பந்தயம் கணக்கில் வருமா?

செட்டிபாளையம்:
நரேன் கார்த்திகேயனைப் பத்தி ஒரு தமிழ்க் கட்டுரை படிச்சேனுங்க. 2005-ல ஜோர்டான் அணி, இந்தியாவோட முதல் ஃபார்முலா ஒன் டிரைவர், அப்புறம் எச்.ஆர்.டி.ங்கிற இன்னொரு ஃபார்முலா ஒன் அணி, ஜப்பான் பந்தயங்கள்னு பக்கம் பக்கமா இருக்கு. 2010-க்கு மட்டும் அரை வரி: "அமெரிக்காவில் டிரக் பந்தயங்களிலும் ஓட்டினார்." அவ்வளவுதான். எனக்கு மனசு ஆறலைங்க.

அந்த வருஷம் மார்ச் 27-ந் தேதி அமெரிக்காவுல மார்ட்டின்ஸ்வில்லில அவருக்கு முதல் நாஸ்கார் பந்தயம். நாஸ்கார்னா அந்த ஊரு கார் பந்தய அமைப்பு, அதோட டிரக் தொடர்லதான் இவரு ஓட்டினாரு. அந்த டிராக்கைப் பாருங்க. ஒரு சுற்று 0.526 மைல், நம்ம கணக்குல 850 மீட்டர்கூட வராது. பேப்பர் கிளிப் மாதிரி ரெண்டு நேர்ப்பாதை, ரெண்டு கொண்டை ஊசி. நேர்ல தார், வளைவுல கான்கிரீட். இதுல 250 சுற்று. 2005-ல அவரு ஓட்டின காருக்கு டிரைவரையும் சேர்த்துக் குறைஞ்சபட்ச எடை சுமார் 600 கிலோ. இங்க டிரக்கோட எடை 1,500 கிலோவைத் தொடும். சுத்தியும் சின்ன வயசுலருந்து இதையே ஓட்டினவங்க, இடிச்சு வழி கேக்கறது அவங்க வழக்கம். அதுக்கு நடுவுல 13-வதா வந்தாரு. அந்த வருஷம் ஒன்பது பந்தயம்தான் ஓட்டினாரு, ஆனா அவரு வாழ்க்கையிலயே துணிச்சலான வருஷம் அதுதான்னு நான் சொல்றேன்.

வளைவு77:
நரேன் மேல் எனக்கும் மதிப்பு உண்டு. ஆனால் மதிப்புக்காகக் கணக்கை மாற்ற முடியாது. அந்த ஆண்டு டிரக் தொடரில் 25 பந்தயங்கள். இவர் ஓட்டியவை ஒன்பது. வெற்றி இல்லை. சீசன் முடிவில் "மிகவும் விரும்பப்பட்ட ஓட்டுநர்" விருது கிடைத்தது. அது இணையத்தில் ரசிகர்கள் போட்ட வாக்கு. இங்கிருந்து நாம் குவித்த வாக்கு அது. அதே ஆண்டு டாட் போடைன் முழு சீசனும் ஓட்டிச் சாம்பியன் ஆனார். இரண்டையும் ஒரே தட்டில் வைக்கலாமா?

என் வாதம் நரேனோடு நிற்கவில்லை. பகுதிநேரமாக ஓட்டுவதைப் பந்தய வாழ்க்கை என்று நான் ஏற்கவில்லை. ஸ்பான்சர் இருக்கும் வாரம் வருவது, இல்லாத வாரம் வீட்டில் இருப்பது. ஒரு டிராக்கைக் கற்றுக்கொள்ள முதல் வருகை, பயன்படுத்த இரண்டாம் வருகை. அந்த இரண்டாம் வருகை பகுதிநேரக்காரருக்கு வாய்ப்பதில்லை.

சார்லட்_முருகேசன்:
பதினாலு வருஷமா அமெரிக்காவுல சார்லட்ல இருக்கேன். பெரும்பாலான நாஸ்கார் அணிகளோட பட்டறை இந்த ஊரைச் சுத்திதான். அதனால பகுதிநேரம்ங்கிறதை ஏதோ பொழுதுபோக்கு மாதிரி பேசறதைக் கேட்டா எனக்குத் தாங்காது.

கார்ல் லாங்னு ஒருத்தர். சொந்தப் பணத்துல, கிடைச்ச எஞ்சின்ல, முடிஞ்சப்ப வந்து ஓட்டறவர். 2009 மே மாசம் இங்க சார்லட்ல ஆல்ஸ்டார் வாரம். பயிற்சியில அவர் எஞ்சின் போச்சு. கழட்டி அளந்தாங்க. எஞ்சின் கொள்ளளவுக்கு 358 கன அங்குலம்தான் வரம்பு. இது கூடுதலா இருந்தது ஒரு கன அங்குலத்துல அஞ்சுல ஒரு பங்குகூட இல்ல. அபராதம் 2,00,000 டாலர்! 12 பந்தயத் தடையை மேல்முறையீட்டுல எட்டாக் குறைச்சாங்க, அபராதத்தைக் குறைக்கல. பெரிய அணிக்கு அது ஒரு வாரச் செலவு. அவரால கட்ட முடியல. 2017 வரைக்கும் நாஸ்காரோட உச்சத் தொடரான கப் தொடர் பக்கமே அவரால திரும்ப முடியல. அப்பவும் அவர் ஓட்டறதை விடல, கீழ்த்தொடர்கள்ல வந்துக்கிட்டே இருந்தார். இதை வாழ்க்கைன்னு சொல்லாம வேற என்னன்னு சொல்றது?

அந்தக் காலத்துல தகுதிச்சுற்றுல தேறி, சில சுற்று ஓடிட்டு வண்டியை ஓரங்கட்டிக் கடைசி இடத்துக்கான பரிசுப் பணத்தோட போற சின்ன அணிகளும் இருந்தாங்க. டயர் வாங்கக் காசில்லாதவன் வேற என்ன செய்வான்? அடுத்த வாரம் வரணும்னா இந்த வாரம் நிறுத்தித்தான் ஆகணும்.

மீனா_திருச்சி:
எனக்கு இந்த விளையாட்டு புதுசு. ஒரு சந்தேகம். பகுதிநேரமா ஓட்டுறவர் பெரிய பந்தயத்துல ஜெயிச்சதே இல்லையா?

சார்லட்_முருகேசன்:
ஜெயிச்சிருக்காங்கம்மா. 2011 டேடோனா 500. நாஸ்கார்லயே பெரிய பந்தயம். ட்ரெவர் பெய்ன், முந்தின நாள்தான் 20 வயசு முடிஞ்சிருந்துது. கப் தொடர்ல அவருக்கு அது ரெண்டாவது பந்தயம்! உட் பிரதர்ஸ் அணியும் அப்ப முழு சீசன் ஓட்ட வசதி இல்லாத அணிதான். டேடோனா 500-ல அவங்க அதுக்கு முன்னாடி ஜெயிச்சது 1976-ல டேவிட் பியர்சன் ஓட்டினப்போ. பரிசுப் பணம் 14 லட்சம் டாலருக்கு மேல.

ஆனா கப் தொடர் புள்ளிக் கணக்குல அந்த வெற்றிக்கு ஒரு புள்ளிகூட இல்ல. அந்த வருஷம்தான் ஒரு டிரைவர் ஒரே ஒரு தொடர்ல மட்டும் புள்ளி சேர்க்கலாம்னு விதி கொண்டுவந்தாங்க. அவர் கீழ இருக்கிற நேஷன்வைட் தொடரைத் தேர்ந்தெடுத்திருந்தார்.

வளைவு77:
அந்த உதாரணம் என் பக்கம்தான் சாய்கிறது. அன்று முன்னணி 74 முறை மாறியது. டேடோனாவில் காற்றைக் கிழித்து முன்னால் போக இன்னொரு கார் பின்னாலிருந்து தள்ள வேண்டும், யார் யாரைத் தள்ளுகிறார் என்பது கடைசிச் சுற்று வரை மாறிக்கொண்டே இருக்கும். பெய்ன் திறமைசாலி, மறுக்கவில்லை. ஆனால் 2015 முதல் 2017 வரை ரௌஷ் அணியில் முழுநேரமாக ஓட்டியும் கப் தொடரில் அவருக்கு இரண்டாவது வெற்றி வரவில்லையே.

சார்லட்_முருகேசன்:
அந்த 2011-லயே சில வாரம் உடம்பு சரியில்லாம ஓட்ட முடியாமப் போனதையும், 2013-ல அவருக்கு மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ்னு தெரிஞ்சதையும் சேர்த்துச் சொல்லணும். நரம்பு நோய். அதோட அவர் 2018 வரைக்கும் கப் தொடர்ல ஓட்டினார். அந்த வரியை விட்டுட்டு வெற்றியை மட்டும் எண்ணாதீங்க சார்.

வளைவு77:
அதைச் சொல்லாமல் விட்டது என் தவறு. ஏற்கிறேன்.

செட்டிபாளையம்:
விருது விஷயத்துக்கு வர்றேனுங்க. கப் தொடர்ல டேல் எர்ன்ஹார்ட் ஜூனியர் 2003-லருந்து 15 வருஷம் விடாம அதே விருதை வாங்கினாரு. அதுவும் ரசிகருங்க ஓட்டுதான். அந்த 15 வருஷத்துல அவரு ஒரு தடவைகூட சாம்பியன் ஆகலை. அதுக்காக அந்த விருதை யாரும் கழிச்சுக் கட்டலை. நம்ம ஊர்க்காரங்க ஓட்டுன்னா மட்டும் மதிப்புக் குறையுமா? ராத்திரி கண்ணு முழிச்சு பந்தயத்தைப் பார்த்துட்டு ஓட்டுப் போட்டவன் நானு. என் ஓட்டு கள்ள ஓட்டு இல்லைங்க.

வளைவு77:
கள்ள ஓட்டு என்று நான் சொல்லவில்லை, திறமைக்கான அளவுகோல் அல்ல என்றேன். உங்களுக்கு ஒரு ஒப்பீடு தருகிறேன். நெல்சன் பிக்கே ஜூனியர். அவரும் ஃபார்முலா ஒன்னிலிருந்து வந்தவர். அவரும் அதே 2010-ல்தான் டிரக் தொடரில் சில பந்தயங்களில் இறங்கினார். டேடோனாவில் முதல் பந்தயத்திலேயே ஆறாவது இடம். அதோடு போய்விடவில்லை. 2011, 2012 இரண்டு சீசனும் முழுதாக ஓட்டினார். 2012-ல் மிச்சிகனிலும் லாஸ் வேகஸிலும் வென்றார். அந்த ஆண்டு விரும்பப்பட்ட ஓட்டுநர் விருதும் அவருக்கே. நரேன் என்ன செய்தார்? 2011-ல் எச்.ஆர்.டி.க்குப் போனார். ஆஸ்திரேலியாவில் அந்த அணியின் இரண்டு கார்களும் 107 சதவீத விதியில் (முதல் தகுதிச்சுற்றில் மிக வேகமானவரின் நேரத்தைவிட 7 சதவீதத்துக்குமேல் கூடக் கூடாது) தேறாமல் பந்தயத்தில் இறங்கவே முடியவில்லை. மூன்று சீசன் இருந்த அந்த அணி ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை.

எழுதும்போதுதான் எனக்கே தெளிவாகிறது. என் கோபம் அந்த ஒன்பது பந்தயங்கள் மீது இல்லை. பத்தாவது இல்லையே என்பதுதான். மார்ட்டின்ஸ்வில்லில் முதல் நாளே 13-வது வந்தவர் மறுபடி அங்கே வந்திருந்தால்? பிரேக்கை எங்கே விடவேண்டும் என்று அந்தக் கான்கிரீட் வளைவு அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கும்.

சார்லட்_முருகேசன்:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். பகுதிநேரம்ங்கிறது ஒரு வாசல். பிக்கே உள்ளே போனார். கார்ல் லாங்குக்கு அபராதம் போட்டு அடைச்சாங்க. மார்ட்டின்ஸ்வில்ல ஜெயிச்சா ஆளுயரத் தாத்தாக் கடிகாரம் ஒண்ணு பரிசாத் தருவாங்க. முழுநேரம் ஓட்டறவனோ பாதிநேரம் ஓட்டறவனோ, முதல்ல வந்தவனுக்கு அது. நரேனோட கோயம்புத்தூர் வீட்டுல அது நிக்கிற மாதிரி நான் நினைச்சுப் பார்த்ததுண்டு.

வளைவு77:
அப்படியானால் அந்த வாசலை விட்டு அவர் வந்தது தவறு என்பதிலாவது ஒத்துப்போகிறீர்களா?

செட்டிபாளையம்:
இல்லைங்க, அதுல நான் ஒத்துக்க மாட்டேன். 2011 அக்டோபர் 30, புத்த் டிராக்குல இந்தியாவோட முதல் கிராண்ட் பிரீ. டிக்கெட் எடுத்து ரயிலேறி நொய்டா போனவன் நானு. இந்தியக்காரர் ஒருத்தர்தான் அன்னைக்கு அங்க ஓட்டினாரு. கடைசி வரிசைக் கார்தான், வந்தது 17-வது இடம்தான். அவரு எங்க ஸ்டாண்டைத் தாண்டின ஒவ்வொரு சுத்துக்கும் மொத்தக் கூட்டமும் எந்திரிச்சு நின்னுதுங்க. டிரக் தொடர்ல ஜெயிச்சிருப்பாரோ என்னமோ, அந்த நாளை விட்டுட்டு அவரை அங்க இருக்கச் சொல்ல எனக்கு மனசு வராது.